எடையும் டச்சும்: கையடக்க கேம் கருவிகளின் திறனையும் வெளியீட்டு விலையையும் ஒப்பிடுவது எப்படி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்கப் போகிறவர்கள் எடையை மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவதில்லை. டச் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு, சேதாரம் உண்டா, நாளைக்குத் திருப்பிக் கொண்டுவந்தால் எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டபிறகே பேரம் தொடங்கும். டச் என்பது நூறு பங்கில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பதைக் குறிக்கும் வியாபாரச் சொல். இரண்டு கொலுசுகள் தராசில் ஒரே எடை காட்டினாலும், டச் வேறானால் அவற்றின் மதிப்பும் வேறாகிவிடும். கையடக்க கேம் கருவிகளை ஒப்பிட முனையும்போது நாம் பெரும்பாலும் எடையை மட்டும் பார்த்துவிட்டு டச்சைக் கேட்க மறந்துவிடுகிறோம் என்பதே இக்கட்டுரையில் நான் விளக்க விரும்புவது.

இதை எழுதக் காரணம் என் அக்கா மகனின் நோட்டுப் புத்தகம். கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் அவன், ஒரு கையடக்கக் கருவி வாங்க ஆசைப்பட்டு, இரண்டு கருவிகளின் விவரங்களைக் கோடு போட்டு எழுதி வைத்திருந்தான். ஒரு பக்கம் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக்: 2022 பிப்ரவரியில் வெளிவந்தது, தொடக்க விலை 399 டாலர், திறன் 1.6 டெராஃப்ளாப்ஸ். மறுபக்கம் ஆசஸ் நிறுவனத்தின் ஆர்ஓஜி ஆலை, அதிலும் உயர்ந்த மாதிரி: 2023 ஜூனில் வெளிவந்தது, விலை 699.99 டாலர், திறன் 8.6 டெராஃப்ளாப்ஸ். (ஆலை என்றதும் ஜவ்வரிசி ஆலையை நினைத்துக்கொள்ளும் ஊரில் இந்தப் பெயரைப் பழகிக்கொள்ளச் சிறிது காலம் பிடிக்கும்.) விலை ஒன்றே முக்கால் மடங்கு, திறனோ ஐந்து மடங்குக்கும் மேல், ஆகவே இரண்டாவதை வாங்குவதே லாபம் என்று அடியில் முடிவு எழுதி, "சரிதானே மாமா?" என்று கேட்டான். கூட்டல் பெருக்கலில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அவன் ஒப்பிட்ட இரண்டு எண்களும் ஒரே தராசில் நிறுத்தப்பட்டவை அல்ல.

முதலில், திறன் என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பார்ப்போம். கொலுசுப் பட்டறை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே ஒரு நாளில் எவ்வளவு வேலை முடியும் என்பது எத்தனை பேர் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள், ஒருவர் நிமிடத்துக்கு எத்தனை முறை கைவேலை செய்கிறார், ஒவ்வொரு முறையும் எவ்வளவு வேலை முடிகிறது, வெள்ளிக் கம்பி தடையில்லாமல் அவர்கள் கைக்கு வந்து சேர்கிறதா என்ற நான்கையும் பொறுத்தது. கேம் கருவிக்குள் இருக்கும் சிப்பிலும் இதே நான்குதான். வேலையாட்களின் எண்ணிக்கை என்பது கணக்கிடும் அலகுகளின் எண்ணிக்கை. கைவேகம் என்பது மெகாஹெர்ட்ஸ் அல்லது கிகாஹெர்ட்ஸில் சொல்லப்படும் கடிகார வேகம். ஒரு வீச்சில் முடியும் வேலை என்பது சிப்பின் வடிவமைப்பு. கம்பி வந்து சேரும் வேகம் என்பது நினைவகத்திலிருந்து தகவல் வரும் வேகம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடப்படுவது இந்த நான்கில் ஏதோ ஒன்று மட்டுமே, அதுவும் எது பெரிதாகத் தெரிகிறதோ அது.

பழைய கருவிகளில் கடிகார வேகத்தைத்தான் பலரும் திறனாக எண்ணினார்கள். நின்டெண்டோவின் கேம் பாய் 1989 ஏப்ரலில் ஜப்பானில் 12,500 யென் விலையில் வெளிவந்தது. அதன் செயலி 4.19 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. மறு ஆண்டு அக்டோபரில் சேகா நிறுவனம் கேம் கியரை 19,800 யென் விலையில் வெளியிட்டது. அதன் செயலியின் வேகம் 3.58 மெகாஹெர்ட்ஸ். எண்ணை மட்டும் பார்த்தால் விலை குறைந்த கேம் பாய்தான் வேகமானது என்று சொல்லிவிட வேண்டும். உண்மையில் கேம் பாய் நான்கு சாயல்களை மட்டும் காட்டும் பச்சை படர்ந்த திரையையும், பின்னொளி இல்லாத நிலையையும் கொண்டிருந்தது; கேம் கியரோ பின்னொளி கொண்ட வண்ணத் திரையில், 4,096 வண்ணங்களிலிருந்து ஒரே நேரத்தில் 32 வண்ணங்களைத் தேர்ந்து காட்டியது. இரண்டிலும் இருந்தவை வெவ்வேறு செயலிகள். ஒரு துடிப்பில் இரண்டும் முடிக்கும் வேலை ஒன்றல்ல. படம் வரைவதற்கென்று தனியாக இருந்த சுற்றுகளும் வேறு. ஒரே வடிவமைப்பைச் சேர்ந்த இரண்டு சிப்புகளை ஒப்பிடும்போது மட்டுமே மெகாஹெர்ட்ஸ் பொருள் தரும். வெவ்வேறு குடும்பத்துச் சிப்புகளுக்கு நடுவே அது வெறும் எடை.

இப்போது அந்த இடத்தை டெராஃப்ளாப்ஸ் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு டெராஃப்ளாப்ஸ் என்றால், தசமப் புள்ளி கொண்ட எண்களை வைத்து ஒரு நொடியில் ஒரு லட்சம் கோடி கணக்குகளைப் போடக்கூடிய திறன். இதை யாரும் கருவியை ஓடவிட்டு அளப்பதில்லை. காகிதத்தில் பெருக்கியே சொல்கிறார்கள். ஸ்டீம் டெக்கின் வரைகலைப் பகுதியில் 512 கணக்கிடும் அலகுகள் உள்ளன. அவற்றின் உச்ச வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 160 கோடித் துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் சேர்ந்து முடிவதால் இரண்டு கணக்குகள் என்று வைத்துக்கொள்வார்கள். 512ஐ 160 கோடியால் பெருக்கி, மறுபடி இரண்டால் பெருக்கினால் ஏறத்தாழ 1.6 லட்சம் கோடி வரும். அந்த எண் வந்த வழி இவ்வளவுதான்.

ஆலையின் 8.6 எப்படி வந்தது? அதில் 768 அலகுகள் உள்ளன, வேகமும் அதிகம். ஆனால் அந்த எண் பெரிதானதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதன் சிப் அடுத்த தலைமுறை வடிவமைப்பைச் சேர்ந்தது. தகுந்த சூழல் அமைந்தால் ஒரு துடிப்பில் இரண்டு கட்டளைகளைச் சேர்த்து முடிக்க அந்த வடிவமைப்பால் முடியும். அதனால் இரண்டால் பெருக்க வேண்டிய இடத்தில் நான்கால் பெருக்கி 8.6 என்று அறிவித்தார்கள். இதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் கேம் ஒன்று ஓடும்போது அப்படிப்பட்ட தகுந்த சூழல் எப்போதும் அமைந்துகொண்டிருப்பதில்லை. டெக்கைக் கணக்கிட்ட அதே முறையில் ஆலையையும் கணக்கிட்டால் கிடைப்பது 4.3. எனவே நோட்டுப் புத்தகத்தில் இருந்த 5.4 மடங்கு, ஒரே தராசுக்கு வந்ததும் 2.7 மடங்காகச் சுருங்கிவிடுகிறது. நான் டச் என்று சொன்னது இதைத்தான்.

அது மட்டுமல்ல. கம்பி வரத்து என்று சொன்னேனே, அதையும் பார்க்க வேண்டும். டெக்கின் நினைவகம் நொடிக்கு 88 ஜிபி தகவலைத் தரக்கூடியது. ஆலையின் நினைவகம் சுமார் 102 ஜிபி தரும். கணக்கிடும் கைகள் 2.7 மடங்கு கூடியிருக்க, அவற்றுக்குக் கம்பி கொண்டுவந்து கொடுக்கும் வேகம் ஆறில் ஒரு பங்கு அளவுக்கே கூடியிருக்கிறது. பட்டறையில் ஆள் கூடியும் சிலர் கை கட்டிக் காத்திருக்கும் நிலை இங்கேயும் வரும்.

அடுத்தது திரை. ஒரு கருவியின் வரைகலைத் திறனில் பெரும்பகுதி திரையிலுள்ள புள்ளிகளுக்கு வண்ணம் கொடுப்பதில்தான் செலவாகிறது. டெக்கின் திரையில் 1280 க்கு 800, அதாவது சுமார் 10 லட்சத்து 24 ஆயிரம் புள்ளிகள். ஆலையின் திரையில் 1920 க்கு 1080, அதாவது சுமார் 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள், ஏறக்குறைய இரு மடங்கு. ஒரு புள்ளிக்கு நொடிக்கு எத்தனை கணக்கு என்று வகுத்துப் பார்த்தால், டெக்குக்கு 16 லட்சமும் ஆலைக்கு 21 லட்சத்தை ஒட்டியும் வருகிறது. 5.4 மடங்கு என்று தொடங்கிய இடைவெளி, இப்போது 1.3 மடங்கு. ஆலையில் விளையாடுபவர் திரையின் தெளிவைக் குறைத்து வைத்துக்கொண்டால் இழந்த திறனில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தேர்வு அவர் கையில் இருக்கிறது. ஆனால் முழுத் தெளிவில் விளையாடவே அந்தத் திரைக்குக் காசு கொடுத்தோம் என்று நினைப்பவருக்குப் பொருந்துவது 1.3 தான். 2023 இறுதியில் வந்த லெனோவோவின் லீஜியன் கோ இதற்கு இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு: ஆலையில் இருந்த அதே சிப், ஆனால் திரையில் 2560 க்கு 1600 என்று 40 லட்சத்து 96 ஆயிரம் புள்ளிகள், டெக்கைப் போல் சரியாக நான்கு மடங்கு. சுமை கூடிய அளவுக்கு மாடு மாறவில்லை.

மூன்றாவதாக வருவது வாட். தொடக்கநிலை வாசகர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் இந்தச் சொல்லை நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அந்தப் பாதையில் ஏறும் பேருந்தின் எஞ்சின் சமவெளியில் எவ்வளவு வேகம் தரும் என்பது அங்கே உதவாது. இரண்டாம் கியரில், வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்துத்தான் ஏற முடியும். எஞ்சினின் உச்சத் திறனைத் தீர்மானித்தவர் அதைச் செய்த நிறுவனத்தார். அந்தத் திறனில் எவ்வளவைப் பயன்படுத்தலாம் என்பதைத் தீர்மானிப்பது சேர்வராயன் மலை. கையடக்கக் கருவிக்கு அந்த மலை பேட்டரியும் வெப்பமும். மேசைக் கணினியின் வரைகலை அட்டை 200, 300 வாட் மின்சாரத்தைத் தயக்கமில்லாமல் விழுங்கும். கையில் பிடிக்கும் கருவியின் சிப்புக்கு அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கிடைப்பது அரிது. டெக்கின் சிப் 4 வாட்டிலிருந்து 15 வாட் வரை எடுத்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. ஆலையில் பேட்டரியில் ஓடும்போது 25 வாட் வரையும், சார்ஜரில் செருகியிருக்கும்போது 30 வாட் வரையும் கொடுக்க முடியும். முன்னே பார்த்த 4.3 என்ற எண்ணும் அந்த உயர்ந்த வாட்டில்தான் நெருங்கக்கூடியது. ஆலையையும் 15 வாட்டில் கட்டிவைத்து ஓட்டினால், இரண்டுக்கும் நடுவிலான வேறுபாடு மேலும் குறையும்.

நிறுவனங்களே இந்த மலைக்குப் பணிந்து நடந்த கதைகள் உண்டு. சோனியின் பிஎஸ்பி 2004 டிசம்பரில் ஜப்பானிலும் 2005 மார்ச்சில் அமெரிக்காவிலும் வந்தது. அதன் செயலி 333 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடியது என்று விவரத்தாளில் இருந்தாலும், கேம்கள் 222 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் பயன்படுத்த முடியாதபடி மென்பொருள் வழியாகக் கட்டுப்பாடு போடப்பட்டிருந்தது; 2007இல் வந்த மென்பொருள் மேம்படுத்தலுக்குப் பிறகே அந்தக் கட்டு அவிழ்ந்தது. 2017 மார்ச்சில் 299.99 டாலருக்கு வந்த நின்டெண்டோ ஸ்விட்ச்சிலும் இதே ஏற்பாடுதான்: தொலைக்காட்சியோடு இணைக்கும் டாக்கில் வைத்தால் வரைகலைப் பகுதி 768 மெகாஹெர்ட்ஸில் ஓடும், கையில் எடுத்தவுடன் அந்த வேகம் பாதியளவுக்கு இறங்கிவிடும். ஒரே கருவி, ஒரே விலை, இரண்டு திறன்கள். ஒப்பீட்டில் இதில் எதை எழுதுவது? கையடக்கக் கருவியாக ஒப்பிடுகிறோம் என்றால் கையில் இருக்கும்போதுள்ள எண்ணையே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

பேட்டரிக் கணக்கு எளிது. டெக்கின் முதல் மாதிரியிலும் ஆலையிலும் இருந்தது 40 வாட்-மணி பேட்டரி. அதாவது 40 வாட் வீதம் செலவழித்தால் ஒரு மணி நேரம் வரும். சிப் 15 வாட் எடுக்க, திரை, நினைவகம், விசிறி எல்லாம் சேர்த்து இன்னொரு 8 அல்லது 10 வாட் போனால், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக விளையாடலாம். சிப்புக்கே 25 வாட் கொடுத்தால் ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டியதும் திரை இருண்டுவிடும். சேலத்தில் பேருந்து ஏறி ஏற்காட்டில் இறங்குவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும். (அந்த வளைவுகளில் திரையைப் பார்த்துக்கொண்டே போனால் பேட்டரிக்கு முன் வயிறு கைவிட்டுவிடும் என்பது வேறு செய்தி.)

வெப்பத்தைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்டீம் டெக் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில்தான் நன்றாக இயங்கும் என்றும், அதற்கு மேல் போனால் தன்னைக் காத்துக்கொள்ளத் திறனைக் குறைத்துக்கொள்ளக்கூடும் என்றும் வால்வ் நிறுவனமே 2022 கோடையில் அறிவித்தது. ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊரில் மதிய வேளையில் 35 டிகிரி என்பதைக் குளிர்ச்சியான நாள் என்று கொண்டாடுவோம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் அதே நாளில் அதே கருவியை ஓட்டினால் விசிறியின் இரைச்சல் குறைந்திருப்பதைக் காதால் கேட்கலாம். மொட்டை மாடிக்குக் கீழே தகிக்கும் அறையில் விளையாடப் போகிறவர், குளிரூட்டப்பட்ட அறையில் சோதித்து எழுதிய மதிப்புரையின் எண்களை அப்படியே தனக்குரியவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி விலைக்கு வருவோம். வெளியீட்டு விலை என்பது ஒரு கருவி முதன்முதலாகக் கடைக்கு வரும் நாளில் நிறுவனம் அறிவிக்கும் விலை. அது எந்த நாட்டில், எந்த மாதிரிக்கு, வரி சேர்த்தா சேர்க்காமலா என்ற மூன்றும் தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. அமெரிக்காவில் அறிவிக்கப்படும் டாலர் விலையில் அந்தந்த மாநில விற்பனை வரி பொதுவாகச் சேர்ந்திருக்காது; இந்தியாவில் பெட்டியின் மேல் அச்சிடப்படும் அதிகபட்ச விலையில் வரி அடங்கியிருக்கும். 699.99 டாலர் ஆலை 2023இல் இந்தியாவுக்கு வந்தபோது விலை ரூ.69,990. அப்போதிருந்த டாலர் மதிப்பால் பெருக்கினால் சுமார் 57 ஆயிரம்தான் வரும். அந்த இடைவெளியைப் பார்த்து ஏமாற்றுகிறார்கள் என்று கொதிப்பதற்கு முன், ஒன்று வரி சேராத விலை, மற்றொன்று வரி சேர்ந்த விலை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மாதிரியும் அதே அளவுக்கு முக்கியம். அக்கா மகன் எழுதிய 399 டாலர், 64 ஜிபி அளவே கொண்ட, வேகம் குறைந்த சேமிப்பிடம் உள்ள அடிப்படை மாதிரிக்கு உரியது. அவன் எதிரே வைத்த ஆலையிலோ 512 ஜிபி சேமிப்பிடம் இருந்தது. டெக்கின் 512 ஜிபி மாதிரி வெளியீட்டின்போது 649 டாலர். பல கேம்கள் தனித்தனியாகவே 64 ஜிபியைத் தாண்டிவிடும் காலத்தில், நேர்மையான ஒப்பீடு 649க்கும் 699.99க்கும் இடையேதான் நடக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் விலை வேறுபாடு நூற்றுக்கு எட்டு மட்டும். முன்பு சுருங்கிப்போன திறன் வேறுபாடு, இங்கே ஆலையின் பக்கம் மீண்டும் எழுந்து நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒப்பீடு என்பது ஒரு பக்கத்தை வீழ்த்துவதற்கான வேலை அன்று. இரண்டு தட்டுகளிலும் ஒட்டியிருக்கும் மண்ணைத் துடைத்துவிட்டுப் பிறகு நிறுப்பது.

வெளியீட்டு விலையின் பின்னால், லாபத்தை எங்கே எடுப்பது என்ற கேள்வி எப்போதும் இருக்கும். வால்வ் நிறுவனத்துக்கு ஸ்டீம் என்ற இணையக் கடை இருக்கிறது. அங்கே விற்கும் ஒவ்வொரு கேமிலும் அதற்குப் பங்கு வருகிறது. ஆகவே கருவியில் லாபம் மிகக் குறைந்தாலும் பரவாயில்லை என்று விலையை இறக்கி வைக்க அதனால் முடிகிறது. அந்த விலையை எட்டுவது வலித்த முடிவு என்று அதன் தலைவர் கேப் நியூவெல் வெளிப்படையாகவே பேசினார். அப்படி ஒரு கடை இல்லாத ஆசஸ் போன்ற கணினி நிறுவனம் கருவியிலேயே லாபத்தை எடுத்தாக வேண்டும். வாங்குகிறவருக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். 399 டாலரில் கிடைத்த வன்பொருளின் மதிப்பு 399 டாலரைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதும், அந்தக் கூடுதலை நாம் கேம் வாங்கும்போது தவணையாகத் திருப்பிக் கொடுக்கிறோம் என்பதும் தெரிந்திருந்தால், விலையையும் திறனையும் வகுத்து வரும் விடையை வைத்துச் சிப்பின் தரத்தை எடைபோட மாட்டோம்.

அறிவித்த விலை எவ்வளவு வேகமாகக் கரையலாம் என்பதற்கு 2011ஆம் ஆண்டு ஒரு பாடம். நின்டெண்டோ 3டிஎஸ் அந்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வந்தது. எதிர்பார்த்தபடி விற்கவில்லை. ஐந்து மாதம்கூட முடியாத நிலையில், ஆகஸ்டில் விலை 169.99 டாலராகக் குறைக்கப்பட்டது. ஜப்பானில் 25,000 யென் 15,000 யென்னாக இறங்கியது. நிறுவனத்தின் தலைவர் சடோரு இவாட்டா தம் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். முன்பே முழு விலை கொடுத்து வாங்கியவர்களைச் சமாதானப்படுத்த 20 பழைய கேம்கள் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. கருவிக்குள் இருந்த சிப் மார்ச்சிலும் ஆகஸ்டிலும் ஒன்றேதான். எனவே பட்டியலில் வெளியீட்டு விலையை எழுதும்போது பக்கத்திலேயே ஒரு ஆண்டு கழித்து இருந்த விலையையும் எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

விலையில் சேராத செலவுகளும் இருக்கின்றன. சோனியின் பிளேஸ்டேஷன் வீட்டா 2012 பிப்ரவரியில் அமெரிக்காவில் 249.99 டாலருக்குக் கிடைத்தது. நான்கு மையச் செயலி, 5 அங்குல ஓஎல்இடி திரை என்று பார்த்தால் அந்த விலைக்கு மிகச் சிறந்த வன்பொருள். ஆனால் கடையில் யாரும் விற்கும் சாதாரண மெமரி கார்டு அதில் வேலை செய்யாது. சோனியின் தனிக் கார்டைத்தான் வாங்க வேண்டும், அதில் 32 ஜிபி கார்டின் விலை 99.99 டாலர். கருவி விலையில் ஐந்தில் இரண்டு பங்கு. யானை வாங்கியாயிற்று, அங்குசத்துக்குத் தனிக் கணக்கு என்ற கதை. 1990களில் கேம் கியர் வாங்கியவர்களின் அங்குசம் பேட்டரி: ஆறு பென்சில் பேட்டரிகள் மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துபோயின, கேம் பாய் நான்கே பேட்டரிகளில் 15 மணி நேரத்தைச் சுலபமாகத் தாண்டியது.

காலத்தால் தள்ளி நிற்கும் கருவிகளை ஒப்பிடும்போது பணத்தின் மதிப்பையும் சரிசெய்ய வேண்டும். 1989இல் ஒரு டாலருக்குக் கிடைத்த பொருளை வாங்க 2025இல் சுமார் இரண்டரை டாலர் தேவைப்பட்டது. கேம் பாய் அமெரிக்காவில் 1989இல் ஏறத்தாழ 90 டாலர். இன்றைய பணத்தில் சுமார் 230. அதே ஆண்டு வண்ணத் திரையோடு வந்த அடாரி லிங்க்ஸ் ஏறத்தாழ 180 டாலர். இன்றைய பணத்தில் 460ஐ ஒட்டி வரும். 2025 ஜூனில் நின்டெண்டோ ஸ்விட்ச் 2 வந்தபோது 449.99 டாலரா என்று எழுந்த முணுமுணுப்பை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். கேம் பாயின் வேலை நினைவகம் 8 கேபி. ஸ்விட்ச் 2இன் நினைவகம் 12 ஜிபி, அதாவது 15 லட்சம் மடங்குக்கும் மேல். சரிசெய்த விலையோ இரு மடங்கு அளவில் நிற்கிறது. நமக்கு மட்டும் இதில் இன்னொரு சுமை உண்டு: 1989இல் ஒரு டாலர் சுமார் 16 ரூபாய், 2025இல் 86 ரூபாயை ஒட்டி. டாலரில் மெல்ல ஏறிய விலை ரூபாயில் தாவி ஏறியிருக்கிறது. இந்த இரண்டு திருத்தங்களையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாமல், முதலில் டாலருக்குள் சரிசெய்து, பிறகே ரூபாய்க்கு மாற்ற வேண்டும்.

இவ்வளவும் கணக்கிட்டு அதிகத் திறன் கொண்டதையே தேர்ந்தவர்கள் வெற்றி பெற்ற பக்கத்தில் இருந்தார்களா என்றால், வரலாறு பெரும்பாலும் இல்லை என்கிறது. கேம் பாயை உருவாக்கிய குன்பெய் யோகோய், பழகி மலிந்துபோன தொழில்நுட்பத்தை எடுத்து அதற்குப் புதிய பயன் காண்பதையே தம் வழியாகக் கொண்டிருந்தார். வண்ணத் திரைக் காலத்தில் நிறமற்ற திரையோடு வந்த அக்கருவியும் அதன் வண்ண மாதிரியும் சேர்ந்து உலகெங்கும் சுமார் 11 கோடியே 87 லட்சம் விற்றன. 2004இல் 149.99 டாலருக்கு வந்த நின்டெண்டோ டிஎஸ் கருவியில் 4 எம்பி நினைவகம்தான். பிஎஸ்பியில் 32 எம்பி. விற்பனையில் டிஎஸ் 15 கோடியே 40 லட்சத்தை எட்டியது. பிஎஸ்பி 8 கோடி அளவில் நின்றது. விலை குறைந்ததால்தான் இப்படி என்று நான் சொல்ல மாட்டேன். அந்தந்தக் கருவிக்கென்று வந்த கேம்கள், பேட்டரியின் ஆயுள், தொடுதிரை போன்ற புதுமை எல்லாம் சேர்ந்த விளைவு அது.

திறனே இல்லாமல் விலை மட்டும் உள்ள கருவி ஒன்றும் இப்பட்டியலில் சேர்ந்திருக்கிறது. 2023 நவம்பரில் 199.99 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் போர்ட்டல் தன்னுள் எந்த கேமையும் ஓட்டுவதில்லை. வீட்டில் தொலைக்காட்சியோடு இணைத்திருக்கும் பிஎஸ் 5 கருவி ஓட்டுவதை இணையம் வழியாக வாங்கித் திரையில் காட்டுகிறது. டெராஃப்ளாப்ஸ் நிரலில் இதற்கு என்ன எழுதுவது? மலைப்பாதையில் மூன்றாவது வளைவைத் தாண்டினால் கைபேசிக்கே சிக்னல் தடுமாறும் ஊரில், அந்த நிரலில் இணைய வேகத்தைத்தான் எழுத வேண்டும்.

அக்கா மகன் நோட்டுப் புத்தகத்தில் பழைய பக்கத்தைக் கிழிக்காமல், எதிர்ப்பக்கத்தில் புதிதாகக் கோடு போட்டிருக்கிறான். எந்த வாட்டில், எத்தனை புள்ளிகளுக்கு, எந்த மாதிரியின் விலை, வரி சேர்ந்ததா, பழுதானால் சேலத்தில் யார் பார்ப்பார்கள் என்று நிரல்கள் நீண்டுவிட்டன. தொடக்கத்தில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றுக்கு மட்டுமே டெக் அனுப்பப்பட்டது. இங்கே கைமாறி வந்ததை வாங்கினால் உத்தரவாதம் இருக்காது என்பதை அவனே கண்டுபிடித்து ஓரத்தில் சிவப்பு மையால் குறித்திருக்கிறான். கடைசி நிரலின் தலைப்பு "விளையாடப் போகும் கேம்கள்". அதன் கீழே இன்னும் ஒன்றும் எழுதப்படவில்லை.